அம்மா இறக்காத கம்பளம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆட்டு வாசனை வரும். நாங்கள் ஆடு எதுவும் வளர்க்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில், மின்சார ரயில் போகும்போதெல்லாம் சன்னல் கம்பி லேசாக நடுங்குகிற தூரத்தில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டில், நாற்காலிகளுக்கு மேலே சுவரில் தொங்கிய ஒரு கம்பளம்தான் அந்த வாசனைக்குக் காரணம். வெயில் காலம் முழுக்க அது வாயைத் திறக்காது. காற்றில் ஈரம் ஏறியதும், தான் ஒரு காலத்தில் ஆட்டின் முதுகில் இருந்தது நினைவுக்கு வந்ததுபோல மணக்க ஆரம்பித்துவிடும். வந்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், அம்மா எழுந்துபோய் சன்னலைத் திறப்பாள், நான் மட்டும் யாரும் பார்க்காதபோது நாற்காலியில் ஏறி அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அந்த வாசனை எனக்கு இன்றும் பிடிக்கும்.

அது அமெரிக்காவில் நவாஹோ என்கிற பழங்குடிப் பெண்கள் தறியில் நெய்தது. ஒரு கதவில் பாதி அளவு இருக்கும். சாம்பல் நிறப் பின்னணி, சுற்றிலும் கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் படிப்படியாக ஏறி இறங்கும் கறுப்பு வெள்ளை வைரக் கட்டங்கள், நடுவே ஒரு முழ உயரத்தில் சிவப்பாக ஒரு சின்னம். அந்தச் சின்னம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்வது சுலபம். ஒரு கூட்டல் குறி போட்டு, அதன் நான்கு நுனிகளையும் ஒரே பக்கமாக மடக்குங்கள். லாரியின் நெற்றியில், கடையின் கணக்குப் புத்தகத்தில், புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் தெருவில் சுவரில் ஜமக்காளம் மாட்டியவர்கள் நாங்கள் மட்டும்தான் என்பதால் எங்கள் வீட்டுக்கு "ஜமக்காள வூடு" என்றே பெயர்.

அதைக் கொடுத்தது ஹெலன் ஆன்ட்டி. ஏதோ ஆராய்ச்சிக்காக வந்து சேலையூர்ப் பக்கம் வாடகைக்கு இருந்த அமெரிக்கப் பெண். ஆரம்பப் பள்ளி ஆசிரியையான என் அம்மாவிடம் இரண்டு வருடம் சாயங்காலங்களில் தமிழ் படித்தாள். அம்மாவுக்குப் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு விதமாகச் சொல்லித்தரத் தெரியாது. அதனால் ஹெலன் ஆன்ட்டி காய்கறிக் கடையில் போய் "ஐயா, எனக்குக் கத்தரிக்காய் வேண்டும்" என்று கேட்பாள், கடையே சிரிக்கும். ஊருக்குப் புறப்படுவதற்கு முன்தினம் அந்தக் கம்பளத்தை மடித்துக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். அவள் அப்பா வாலிபத்தில், நெய்த பெண்ணின் கையிலிருந்தே வாங்கியதாம். சின்னத்தைக் காட்டி, அந்த மக்கள் அதைச் "சுழலும் கட்டைகள்" என்பார்கள், ஆற்றில் மரக்கட்டையில் பயணம் போன ஒருவனின் கதை அதில் இருக்கிறது என்றாள்.

"டீச்சர், ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் பெட்டியில் வைக்காதீர்கள். சுவரில் இருக்கட்டும். நான் மறுபடியும் வந்து பார்ப்பேன்."

"நீ வர்ற வரைக்கும் இறக்க மாட்டேன்" என்றாள் அம்மா. அப்பா அன்றைக்கே இரண்டு ஆணி அடித்தார்.

சின்னத்தை எங்களில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கட்டை என்று சொன்னாள், கட்டை என்று நம்பினோம். முதலில் அதை வேறு மாதிரி பார்த்தது கோவளத்திலிருந்து பஸ் பிடித்து மீன் விற்க வரும் அஞ்சலை அக்காதான். ஒரு காலையில் வாசலில் கூடையை இறக்கியவள், திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா டீச்சரம்மா, சொல்லவேயில்ல! நம்ம சாமிய மாட்டி வெச்சிகினு கீற!"

அம்மா பதறிப்போய், அது சாமி இல்லை, அமெரிக்கா, ஆறு, கட்டை என்று விளக்கினாள். அஞ்சலை அக்கா பொறுமையாகக் கேட்டாள். "அமெரிக்காவோ அம்பத்தூரோ, சாமி சாமிதான" என்று சொல்லிவிட்டு மீன் எடுத்துப் போட்டாள். அன்று வியாபாரம் அமோகமாக நடந்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து "போணி" எங்கள் வீட்டில்தான். தெருவில் யார் கூப்பிட்டாலும் நிற்காமல் நேராக வந்து, சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, முதல் மீனை எங்கள் சட்டியில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள். சங்கரா, வஞ்சிரம் எதுவானாலும் கூடையில் மேலாக இருந்தது எங்களுக்கு வந்தது. அம்மா வாரத்துக்கு ஒருமுறையாவது விளக்கிப் பார்த்தாள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். அப்பா மீன்குழம்பைப் பிசைந்தபடி, "கட்டைக்கு நல்ல ராசி" என்று அம்மாவைச் சீண்டுவார்.

அந்த வருடம் என் அக்கா எஸ்தருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்கு இருபத்து நான்கு. இடையில் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. முன்னே வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போயிருந்ததால், அரக்கோணத்திலிருந்து மூன்றாவதாக வந்த இடத்தை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வே வேலை. அவர்கள் வந்தார்கள், ஜெபம் செய்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், அக்காவைப் பாடச் சொன்னார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா சுவரை அண்ணாந்து பார்த்து, "இது என்னங்க?" என்று கேட்டார்.

"வெளிநாட்டுலேருந்து ஒருத்தங்க குடுத்தது" என்றாள் அம்மா. ஆறும் கட்டையும் அவள் நாக்கில் வரவில்லை.

"ஓஹோ" என்றார் அந்த அம்மாள்.

அவ்வளவுதான். அந்த "ஓஹோ"வை எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஆராய்ந்தார்கள். அது வியப்பா, வெறுப்பா, சும்மா வந்த ஓஹோவா என்று அம்மா அதை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். அரக்கோணத்திலிருந்து பதில் வரவில்லை. அக்கா வழக்கம்போலத் தையல் வகுப்புக்குப் போய்வந்தாள், ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி வாசல் பக்கம் நிற்பாள். ஒருநாள் தபால் இல்லை என்று உள்ளே வந்தவள், முகம் கழுவுவதாகச் சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அது கேட்டது.

நான்காவது வாரம் பல்லாவரத்திலிருந்து அப்பாவின் தங்கை ரோஸ் அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, அவங்க ஏன் பதில் போடலன்னு யோசிச்சீங்களா? தலைக்கு மேல இதைத் தொங்கவிட்டுட்டு ஸ்தோத்திரம்னு சொன்னா யாரு நம்புவாங்க? மீன்காரி வந்து கும்பிட்டுட்டுப் போறாளாமே, தெரு பூரா பேசுது."

"அது ஆத்துல மிதக்குற கட்டைங்க, ரோஸ்."

"கட்டையாம்! குழந்தையக் கேட்டாக்கூட சொல்லும் இது என்னன்னு. எடுத்துடுங்க."

"இறக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப திருப்பியாவது மாட்டுங்க. பின்பக்கம் வெறும் நூலாத்தான இருக்கும்?"

அத்தையே நாற்காலியில் ஏறி ஆணியிலிருந்து கழற்றித் திருப்பினாள். எங்கள் புடவைகளுக்கெல்லாம் உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு. இந்தக் கம்பளத்துக்கு அது கிடையாது என்பது அன்றுதான் தெரிந்தது. பின்பக்கமும் முன்பக்கம் போலவே அத்தனை சுத்தம், அதே சிவப்புச் சின்னம், நுனிகள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. அத்தை கீழே இறங்கி, இடுப்பில் கை வைத்து அதை முறைத்தாள். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அத்தை மறுபடி ஏறிப் பழையபடி மாட்டினாள். பிறகு யோசித்துச் சொன்னாள். இப்போது மொத்தமாக எடுத்தாலும் தப்பு, ஒளித்துவைத்துவிட்டார்கள் என்பார்கள். சின்னத்தின் நுனியில் மடங்கியிருக்கும் அந்த நாலு கொக்கியை மட்டும் எடுத்துவிட்டால் நடுவில் இருப்பது சிலுவைதானே? அவர்கள் மறுபடி வந்தால், முதலிலிருந்தே சிலுவைதான், நீங்கள்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

இன்றைக்கு எழுதும்போது இது எவ்வளவு அபத்தம் என்று தெரிகிறது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த மூன்று பெரியவர்களுக்கும் அது தேவனே காட்டிய வழி போல இருந்தது. சுவரிலிருந்து இறக்கவும் வேண்டாம், வரன் தட்டிப்போகவும் வேண்டாம். அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். சாம்பல் நிறக் கம்பளி நூலுக்கு எங்கே போவது என்பதுதான் பாக்கி. தாம்பரத்தில் கம்பளி உடுத்துகிறவர் யார்? அப்பா உள்ளே போய், மார்கழி இரவுகளில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது போட்டுக்கொள்ளும் தன் "குரங்குக் குல்லா"வை எடுத்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம். கம்பளத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய சேர்ந்தது.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அம்மா குல்லாவைப் பிரித்துப் பந்தாகச் சுற்றினாள். கம்பளத்தை இறக்கவில்லை. வாக்கு வாக்குதான் என்று, சுவரில் இருந்தபடியே வேலை. மேலே இருந்த இரண்டு கொக்கிகள் நாற்காலியில் நின்ற அம்மாவுக்கு, கீழே இருந்த இரண்டும் எனக்கு, ஏனென்றால் வீட்டில் என் விரல்கள்தான் சின்னவை. கொண்டை ஊசியை வளைத்து, சிவப்பு நூலை ஒவ்வொரு இழையாக நெம்பி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் வெள்ளைப் பாவு நூல்கள் விலா எலும்பு போலத் தெரியும், அவற்றுக்குள் குல்லா நூலை மேலும் கீழுமாகக் கோத்து இறுக்க வேண்டும். சிவப்பு லேசில் வரவில்லை. யாரோ ஒரு பெண் அந்த இழைகளை அடித்து அடித்து இறக்கியிருந்தாள். அவளோடு நாங்கள் சாயங்காலம்வரை மல்லுக்கட்டினோம். ஒரு கொக்கி முடிந்து இரண்டாவதைத் தொடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வேணாம்மா. ஹெலன் ஆன்ட்டி வந்து கேப்பாங்க."

அம்மா திரும்பிப் பார்க்காமல், "எனக்கு மட்டும் வேணும்னா இருக்கு?" என்றாள். அவள் கை நிற்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. ஓடிப்போயிருக்கலாம், ஊசியை ஒளித்திருக்கலாம். குழாயடியில் அக்கா அழுத சத்தம் காதில் இருந்ததால் எதையும் செய்ய முடியவில்லை. எடுத்த சிவப்பு இழைகளை ஒன்றுவிடாமல் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினேன்.

திங்கட்கிழமை காலை அஞ்சலை அக்கா வந்தாள். கூடையை இறக்கி, வழக்கம்போலக் கும்பிட நிமிர்ந்தவளின் கை பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"இன்னா டீச்சரம்மா, கையைக் காலை ஒடிச்சிட்டியே" என்றாள்.

அம்மா சட்டியை நீட்டியபடி நின்றாள். அஞ்சலை அக்கா மீனைப் போட்டாள், நல்ல மீன்தான். ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரப் பதினொரு மணி ஆனது. போணியைத் தெருக்கோடி வீட்டுக்கு மாற்றிவிட்டாள்.

அரக்கோணத்துக்காரர்கள் அடுத்த மாதம் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாத்தா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் கடிதம் போட முடியவில்லையாம், மன்னிக்க வேண்டுமாம். பெண்ணை அன்றைக்கே பிடித்துவிட்டதாம். நாங்கள் போட்டிருந்த நாற்காலிகளில் எல்லோரும் கம்பளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலிலிருந்தே சிலுவைதான் என்று சொல்வதற்கு அம்மா ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. நாள் குறித்துவிட்டுப் போனார்கள். அக்கா நல்லபடியாகவே வாழ்கிறாள். கொக்கிகள் இருந்திருந்தாலும் இப்படியேதான் வாழ்ந்திருப்பாள் என்பதை அம்மா வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கையை வைக்கவில்லை.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஹெலன் ஆன்ட்டியிடமிருந்து கடிதம் வந்தது, ஜனவரியில் வருகிறேன் என்று. வட்ட வட்டமான தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் சிவப்பு நூல் தேடினாள். கிடைத்ததெல்லாம் பலூன் சிவப்பு. டப்பாவில் இருந்த இழைகளைக் கோக்கப் பார்த்தாள். நெம்பி எடுத்ததில் அவை துண்டுதுண்டாகப் போயிருந்தன, விரல் நீளம்கூட எதுவும் இல்லை. கடைசியில் டப்பாவைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஹெலன் ஆன்ட்டி உள்ளே வந்ததும் முதலில் சுவரைத்தான் பார்த்தாள். முகம் மலர்ந்தது, இறக்காமல் வைத்திருக்கிறார்களே என்ற சந்தோஷம். பிறகு கிட்டே போனாள். அம்மா அவளை உட்காரக்கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். மீன்காரி, ஓஹோ, ரோஸ் அத்தை, குல்லா, அரக்கோணத்துத் தாத்தாவின் இடுப்பு எல்லாம். டப்பாவைத் திறந்து காட்டினாள். ஹெலன் ஆன்ட்டி அந்த இழைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

"டீச்சர், நான் ஏன் இதை இங்கே விட்டுச் சென்றேன் என்று அப்போது உங்களுக்குச் சொல்லவில்லை. அப்போது எனக்கு அவ்வளவு தமிழ் வராது" என்று ஆரம்பித்தாள். அவள் அப்பா அதை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டிய சில வருடங்களில் பெரிய போர் வந்ததாம். எதிரியின் கொடியில் அதே போல ஒரு குறி. பக்கத்து வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா கம்பளத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார், சாகும்வரை திறக்கவில்லை. நெய்கிற அந்த மக்களுமே அந்தச் சின்னத்தை இனி நெய்வதில்லை என்று விட்டுவிட்டார்களாம்.

"இந்தியாவுக்கு வந்தேன். முதல் வாரத்திலேயே லாரியில், கடையில், வீட்டு வாசலில் எல்லாம் இதைப் பார்த்தேன். உலகத்தில் இந்த நாட்டில்தான் இது பயமில்லாமல் ஒரு சுவரில் இருக்க முடியும் என்று நினைத்தேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பக்கத்து வீட்டுல குடுத்திருக்கலாமேடி, ஹெலன்" என்றாள்.

"நீங்கள்தானே என் டீச்சர்" என்றாள் அவள்.

அவள் கிளம்பும்போது அம்மா கம்பளத்தைக் காட்டி, எடுத்துக்கொண்டு போய்விடு, எனக்கு இதை வைத்துக்கொள்ளத் தகுதி இல்லை என்றாள். ஹெலன் ஆன்ட்டி சிலுவையின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். "ஆம். இப்போது இதை எங்கள் ஊரிலும் மாட்டலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த, தப்பில்லாத தமிழில், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். ஆனால் எடுத்துக்கொண்டு போகவில்லை. அதற்குப் பிறகு அவள் வரவும் இல்லை.

அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி நிற்கிறது. தகர டப்பா எந்த வீடு மாற்றத்தில் தொலைந்தது என்று தெரியவில்லை, தேடாத இடமில்லை. கம்பளம் மாடம்பாக்கத்தில் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அம்மா கொடுத்த வாக்கை நானும் மீறவில்லை. அப்பாவின் குல்லா நூல் வருடங்கள் போகப்போக வெளுத்துவிட்டது, சுற்றியிருக்கும் சாம்பல் அப்படியே இருக்கிறது. அதனால் சிலுவையின் நான்கு நுனியிலும் நாங்கள் எடுத்த கொக்கிகள் வெளிறிய தழும்பாகத் திரும்பத் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். அம்மாவைப் போலவே நானும், வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொடுத்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் நாள் முழுக்க மழை. மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது நாற்காலியில் ஏறி, சின்ன வயதில் செய்தது போல முகத்தை வைத்தேன். கறுப்புக் கரை, வைரக் கட்டங்கள், நடுவில் மிச்சமிருக்கும் சிவப்பு என்று மூக்கை நகர்த்திக்கொண்டே போனேன். எங்கேயோ இருக்கும் ஒரு ஊரின் ஆடு இத்தனை வருடம் கழித்தும் அப்படியே மணத்தது. அந்த நான்கு இடங்களில் மட்டும் ஒன்றும் இல்லை. அப்பாவின் குல்லா கம்பளியே இல்லை, நைலான், எங்களுக்கு அப்போது தெரியாது.